கிட் எழுதும் விதம் எப்படி? சோர்ஸ் கோடு வரை போய்ப் பார்த்த விமர்சனம்

கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் டூலான கிட்டின் பிராஞ்ச், மெர்ஜ், ரீபேஸ் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் இங்கே பேசப்போவது அதிகம் பேசப்படாத ஒரு பக்கத்தை: கிட் எப்படி எழுதுகிறது என்பதை. ஒரு கமாண்ட் கொடுத்தால் அதன் அவுட்புட் எந்த ஸ்ட்ரீம் (எழுத்துகள் ஓடும் வாய்க்கால்) வழியாகப் போகிறது, நடுவில் டிஸ்க் நிறைந்துவிட்டால் நமக்குச் சொல்கிறதா, பைப்பின் (ஒரு கமாண்டின் அவுட்புட்டை இன்னொன்றுக்கு அனுப்பும் வழி) மறுமுனையில் இருப்பவர் போய்விட்டால் என்ன செய்கிறது, திறந்த ஃபைலை மூடும் பொறுப்பு யாருடையது. கிட்டைச் சுற்றி ஸ்கிரிப்ட், பில்டு டூல், கோட் ரிவியூ பாட் என்று எதையாவது கட்டுகிறவர்கள் தினமும் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தன்னுடைய ரெப்போவுக்குள் (வரலாறு முழுவதையும் சேமிக்கும் இடம்) எழுதும்போது, கரண்ட் போகும் ஒரு விஷயத்தைத் தவிர, கிட்டை நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புவேன். நமக்காக வெளியே எழுதும்போது, அதாவது டிஃப் (எது மாறியது என்ற பட்டியல்), லாக் (கமிட்டுகளின், அதாவது பதிந்த மாற்றங்களின் வரலாறு), பேட்ச் (மாற்றத்தை வேறிடத்தில் பொருத்த உதவும் ஃபைல்) என்று வரும்போது, இப்போது நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த நிலைக்கு வர அதற்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று, இன்னும் ஒன்றிரண்டு மூலைகளில் கவனமாக நடக்க வேண்டியிருக்கிறது.

முதலில் உள்ளே. அடுத்த கமிட்டில் என்ன போகும் என்று குறித்து வைக்கும் ஃபைலான இண்டெக்ஸில் ஒரு மாற்றம் என்றால் கிட் பழைய ஃபைலைத் தொடுவதே இல்லை. டாட் கிட் ஃபோல்டருக்குள் இண்டெக்ஸ்.லாக் (இந்த லாக் பூட்டு, வரலாறு காட்டும் கிட் லாக் அல்ல) என்று ஒரு ஃபைலைப் புதிதாகத் திறக்கும், அதுவும் "இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் திறக்காதே" என்று ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் சொல்லியே திறக்கும், அதனால் ஒரே நேரத்தில் இரண்டு பேர் எழுத வந்தால் ஒருவர்தான் உள்ளே போக முடியும். முழுவதையும் அந்த லாக் ஃபைலில் எழுதி, மூடி, கடைசியில் பெயரை மாற்றி இண்டெக்ஸின் இடத்தில் வைக்கும். பெயர் மாற்றுவது ஒரே அடியில் நடக்கும் வேலை என்பதால் அந்த நேரத்தில் படிக்க வருகிறவருக்குப் பழையது முழுசாகக் கிடைக்கும், அல்லது புதியது முழுசாகக் கிடைக்கும், பாதி எழுதியது யார் கண்ணிலும் படாது. நடுவில் கன்ட்ரோல் சி அடித்தால்கூட சிக்னலைப் பிடித்து அந்த லாக் ஃபைலை அழித்துவிட்டுத்தான் வெளியேறும். பிராசஸை வலுக்கட்டாயமாகக் கொன்றாலோ கரண்ட் போனாலோதான் லாக் ஃபைல் தங்கிப்போகும், அப்போதுதான் "வேறொரு கிட் பிராசஸ் ஓடிக்கொண்டிருப்பதுபோல் தெரிகிறது" என்ற அந்தப் பிரபலமான எரரைப் பார்க்கிறோம். நிறையப் பேர் அதைத் தொல்லை என்று திட்டுகிறார்கள். எனக்கு அது பிடிக்கும். இரண்டு பேர் ஒரே இண்டெக்ஸில் எழுதி இரண்டையும் கெடுப்பதைவிட, நின்று சொல்வது மேல்.

இந்தப் பூட்டு வேலையிலிருந்து தற்காலிக ஃபைல்களைக் கையாளும் பகுதியை 2015-இல் தனியாகப் பிரித்து டெம்ப்ஃபைல் என்று வைத்தார்கள். அதில் ஃபைலை மூடும் ஃபங்ஷனை ஒருமுறை படித்துப் பாருங்கள், சி மொழியில் எழுதுகிற யாருக்கும் உதவும். மூடுவதற்கு முன்னால் அந்த ஸ்ட்ரீமில் இதற்கு முன்பே ஏதாவது எழுதும் பிழை நடந்திருக்கிறதா என்று கேட்கிறது, அப்புறம் மூடுகிறது, மூடும் ஃபங்ஷன் என்ன திருப்பித் தந்தது என்பதையும் பார்க்கிறது. பஃபர் செய்யப்பட்ட ஸ்ட்ரீமில் பிரிண்ட் சரியாக முடிந்தது என்றால், எழுத்து நினைவகத்தில் உள்ள பஃபருக்குப் போய்ச் சேர்ந்தது என்று மட்டும்தான் அர்த்தம். டிஸ்க் நிறைந்திருக்கிறது என்ற செய்தி மூடும் கணத்தில்தான் வரலாம். அந்தக் கடைசி விடையைப் பார்க்காமல் விடும் டூல்களுக்குக் கணக்கே இல்லை. பாதி எழுதிய ஃபைலை வைத்துவிட்டு "முடிந்தது" என்று போய்விடும்.

இதே கவனம் ஸ்டாண்டர்ட் அவுட்புட்டுக்கும் இருக்கிறது. லினக்ஸில் டெவ் ஃபோல்டருக்குள் 'ஃபுல்' என்று ஒரு ஃபைல் உண்டு, எப்போதும் இடம் தீர்ந்துபோன டிஸ்க்போல நடந்துகொள்ளும். கிட் லாக் அவுட்புட்டை அதற்குள் திருப்பிவிட்டுப் பாருங்கள். எழுத முடியவில்லை, இடமில்லை என்று ஸ்டாண்டர்ட் எரரில் சொல்லிவிட்டு 128 என்ற எக்சிட் கோடோடு (பூஜ்யம் என்றால் வெற்றி, மற்றவை தோல்வி) நிற்கும். இப்படி ஓடுவதற்குக் காரணம், கிட்டின் உள்ளமைந்த கமாண்ட் ஒவ்வொன்றும் முடிந்த பிறகு பொதுவான ஒரு இடத்தில் அவுட்புட்டை ஃப்ளஷ் செய்து (பஃபரில் மிச்சம் இருப்பதை வெளியே தள்ளி), பிழை இருந்ததா என்று பார்த்து, மூடி, அந்த மூடலையும் சோதிக்கிறார்கள். பைப், சாக்கெட் இரண்டுக்கும் மட்டும் இந்தச் சோதனையிலிருந்து விலக்கு. மறுமுனை போதும் என்று மூடிக்கொள்வது அங்கே சகஜம் என்பதால் அது சரிதான். உங்கள் கையில் இருக்கும் மற்ற கமாண்ட் லைன் டூல்களையும் அந்த 'ஃபுல்' ஃபைலுக்குள் எழுதவிட்டுப் பாருங்கள். எத்தனை டூல் சத்தமில்லாமல் பூஜ்யம் சொல்லிவிட்டுப் போகிறது என்று தெரியும்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் இதை யோசித்தவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை. யூனிக்ஸ் வகை சிஸ்டங்களில் புதிதாகத் திறக்கும் ஃபைலுக்குக் காலியாக இருக்கும் மிகச் சிறிய எண்தான் கிடைக்கும். 0, 1, 2 மூன்றும் இன்புட், அவுட்புட், எரர். யாராவது இந்த மூன்றையும் மூடிவிட்டு கிட்டை ஓடவிட்டால், கிட் திறக்கும் முதல் சில ஃபைல்களுக்கே 1, 2 என்ற எண்கள் போய்விடும். அப்புறம் ஒரு எரர் மெசேஜ் எழுதினால் அது நேராக ரெப்போ ஃபைலின் வயிற்றுக்குள் போய் விழும். அதனால் கிட் தொடங்கியதும் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று, இந்த மூன்று எண்களும் ஏதாவது ஒன்றைக் காட்டுகின்றனவா என்று உறுதி செய்வது. காலியாக இருந்தால், எழுதியதையெல்லாம் விழுங்கிவிடும் டெவ் நல் ஃபைலைத் திறந்து அடைத்துவிடும். நாலைந்து வரி கோடுதான். டீமன், கிரான் மாதிரி இடங்களிலிருந்து கிட்டை அழைப்பவர்களுக்கு இது என்ன பாதுகாப்பு என்று புரியும்.

பைப் விஷயத்தில் கிட்டின் நடத்தை எல்லோருக்கும் உடனே பிடிக்காது. கிட் லாக் அவுட்புட்டை ஹெட் கமாண்டுக்கு அனுப்பி முதல் வரியை மட்டும் எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். ஹெட் தன் வேலை முடிந்ததும் போய்விடும். கிட் அடுத்த கமிட்டை எழுதப் போகும்போது மறுமுனை இல்லை என்று தெரிந்ததும் பைப் உடைந்ததற்கான சிக்னலால் செத்ததாகவே வெளியேறும், ஷெல்லில் அது எக்சிட் கோடு 141. ஷெல் ஸ்கிரிப்டில் பைப்ஃபெயில் (பைப்பில் எந்த கமாண்ட் தோற்றாலும் மொத்தமும் தோல்வி என்று எடுக்கும் செட்டிங்) போட்டு வைத்திருந்தால் ஒரு காரணமும் இல்லாமல் பில்டு சிவப்பாகிவிட்டது என்று தோன்றும். இதைக் குறை என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போகவில்லை. யாரும் படிக்காத அவுட்புட்டைத் தொடர்ந்து தயாரிப்பதில் அர்த்தமில்லை. லினக்ஸ் கெர்னல்போலப் பத்து லட்சத்துக்கும் மேல் கமிட் உள்ள ரெப்போவில் இந்த 141-ன் அருமை நன்றாகவே தெரியும், கடைசி வரை நடந்துகொண்டிருக்காமல் உடனே நிற்கிறது. ஒரு கமிட் மட்டும் வேண்டுமென்றால் லாக் கமாண்டிடமே எண்ணிக்கையைச் சொல்லிக் கேளுங்கள், ஹெட் தேவையே இல்லை.

சீக்கிரம் நிற்பதற்கு இன்னொரு காரணம் ஃப்ளஷ். அவுட்புட் சாதாரண ஃபைலுக்குப் போகிறதென்றால் கிட் பஃபர் நிரம்பும் வரை காத்திருந்து எழுதும். பைப்புக்கோ டெர்மினலுக்கோ போகிறதென்றால் லாக், ரெவ்-லிஸ்ட் போன்ற கமாண்டுகள் ஒவ்வொரு பதிவையும் எழுதியவுடன் தள்ளிவிடும், மறுபக்கம் இருப்பவர் காத்திருக்க வேண்டாமே என்று. நல்ல முடிவுதான், ஆனால் லட்சக்கணக்கான கமிட் பெயர்களை இன்னொரு பிராசஸுக்கு அனுப்பும்போது ஒவ்வொரு வரிக்கும் ஒரு சிஸ்டம் கால் என்பது கனக்கும். அப்போது கிட் ஃப்ளஷ் என்ற என்விரான்மென்ட் வேரியபிளை (நடுவில் அண்டர்ஸ்கோர், எல்லாம் பெரிய எழுத்து) 0 என்று வைத்தால் முழுக்க பஃபர் செய்யும், 1 என்று வைத்தால் எங்கே போனாலும் உடனுக்குடன் தள்ளும். மேனுவலில் எங்கோ ஒரு பத்தியில் ஒளிந்திருக்கிறது இது.

சரி, இப்போது வெளியே எழுதும் பக்கம். இங்கேதான் கதை கொஞ்சம் நீளம்.

டிஃப் எழுதும் கோடில் எல்லா ஆப்ஷன்களையும் சுமக்கும் ஒரு ஸ்ட்ரக்ட் (பல மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் சி மொழிக் கட்டு) இருக்கிறது. எந்த ஸ்ட்ரீமில் எழுத வேண்டும் என்று காட்டும் பாயின்டரும், முடிந்ததும் அதை மூட வேண்டுமா என்று ஆம், இல்லை சொல்லும் ஒரு கொடியும் அதற்குள் வெகுகாலமாக உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் டிஃப்பைச் சுற்றி இருந்தவர்கள், அதாவது கமிட் மெசேஜை எழுதும் லாக் பகுதி, பக்கவாட்டில் கோடு வரையும் கிராஃப் பகுதி, ஷார்ட்லாக், இவர்களெல்லாம் அந்தப் பாயின்டரைப் பார்க்காமல் நேராக ஸ்டாண்டர்ட் அவுட்புட்டுக்கே எழுதிக்கொண்டிருந்தார்கள். ஃபார்மட்-பேட்ச் கமாண்ட் ஒவ்வொரு கமிட்டுக்கும் தனித்தனி ஃபைல் எழுத வேண்டும் இல்லையா, அதற்கு என்ன செய்தார்கள் தெரியுமா? உண்மையான ஸ்டாண்டர்ட் அவுட்புட்டின் ஒரு நகலை ஓரமாக எடுத்து வைத்துக்கொண்டு, ஸ்டாண்டர்ட் அவுட்புட்டையே பேட்ச் ஃபைலாகத் திறந்துவிடுவார்கள். பிரிண்ட் எழுதுவதெல்லாம் தானாகவே அந்த ஃபைலுக்குள் போகும். அடுத்த பேட்சுக்கு மறுபடி இன்னொரு பெயரில் திறப்பார்கள். ஃபைல் பெயர்களை நமக்குக் காட்டுவதற்கு மட்டும் அந்த ஓரமாக வைத்த நகல்.

ஒரு கமாண்ட் தனியாக ஓடி முடிந்துவிடும் வரை இது செல்லும். அதே கோடை வேறொரு கமாண்ட் உள்ளிருந்தே அழைக்க வேண்டும் என்றால் நாசம், அழைத்தவருடைய ஸ்டாண்டர்ட் அவுட்புட் காணாமல் போயிருக்கும். 2016-இல்தான் இதைச் சரிசெய்தார்கள், அந்த செப்டம்பரில் வந்த 2.10-இல் லாக், டிஃப் குடும்பம் முழுவதும் ஸ்ட்ரக்டில் உள்ள ஸ்ட்ரீமிலேயே எழுதும்படி ஆனது. ஃபார்மட்-பேட்சை உள்ளிருந்தே அழைக்கும்படி செய்ய வேண்டும் என்பதுதான் தூண்டுகோல்.

அந்த வேலையில் வந்த ஒரு சிக்கலைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் ஸ்ட்ரீம் நிர்வாகத்தின் முழு வலியும் அதில் இருக்கிறது. டிஃப் பகுதி தன் வேலை முடிந்ததும், மூடும் கொடி இருந்தால் ஃபைலை மூடிவிடும். டிஃப் கமாண்டுக்கு அது சரி, ஒரே ஒரு டிஃப்தான். லாக் கமாண்டிலோ கமிட்டுக்குக் கமிட் டிஃப் வரும், சில ஆப்ஷன்களில் டிஃப் எழுதிய பிறகும் பிரிக்கும் கோடு ஒன்று எழுத வேண்டியிருக்கும். முதல் டிஃப் முடிந்ததும் ஃபைலை மூடிவிட்டால் அந்தக் கோட்டை எங்கே எழுதுவது? அதனால் லாக் எழுதும் ஃபங்ஷன் உள்ளே நுழைந்ததும் மூடும் கொடியைத் தன் பையில் போட்டுக்கொண்டு ஸ்ட்ரக்டில் அதைப் பூஜ்யமாக்கியது, எல்லாம் முடிந்த பிறகு தானே மூடியது. அந்த ஃபங்ஷனை வளையத்தில் அழைப்பவர் இருந்தால் அவரும் இதே வித்தையைத் தனக்கு ஒருமுறை செய்ய வேண்டியிருந்தது. வேலை செய்தது, மறுக்கவில்லை. ஆனால் திறந்தவர் ஒருவர், எழுதுகிறவர் இன்னொருவர், மூட வேண்டியவர் மூன்றாமவர் என்று பொறுப்பு கை மாறிக்கொண்டே போகும் கோடு எனக்குப் பிடிப்பதில்லை. புதிதாக ஒருவர் வந்து நடுவில் ஒரு அழைப்பைச் சேர்த்தால் போதும், மூடிய ஃபைலில் எழுதுவதோ இரண்டுமுறை மூடுவதோ நடக்கும். 2021-இல் ஃபைலை மூடி விடுவிக்கும் வேலையை எழுதும் வேலையிலிருந்து பிரித்துத் தனி ஃபங்ஷனாக வைத்தார்கள். அது சரியான திசை.

இதே குடும்பத்தில் இன்னொன்று. மாற்றம் இருக்கிறதா இல்லையா என்ற விடை மட்டும் வேண்டும், அவுட்புட் வேண்டாம் என்று சில ஆப்ஷன்களோடு கேட்டால், வெகுகாலம் கிட் என்ன செய்தது என்றால் ஸ்ட்ரீமை டெவ் நல்லுக்கு மாற்றிவிட்டு முழு டிஃப்பையும் எழுதி வீசும், அதிலிருந்து விடையை எடுத்துக்கொள்ளும். கேட்டது நடக்கிறது, நேரம்தான் வீண்.

பயன்படுத்துகிறவருக்கு இதனால் கைக்கு வந்த நல்ல விஷயம் --அவுட்புட் என்ற ஆப்ஷன். கிட் டிஃப் --அவுட்புட்=மாற்றம்.பேட்ச் என்று கொடுத்தால் கிட்டே அந்த ஃபைலைத் திறந்து எழுதும். ஷெல்லில் ஒரு அம்புக்குறி போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். லினக்ஸில் போதும். விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1-இல் போதாது. அங்கே அம்புக்குறி போட்டால் கிட் தந்த பைட்டுகளை பவர்ஷெல் முதலில் எழுத்துகளாக மாற்றி, அப்புறம் யூடிஎஃப்-16 ஆக எழுதுகிறது. அந்த பேட்சை கிட் அப்ளை ஏற்றுக்கொள்ளாது. கோடில் தமிழ் ஸ்ட்ரிங் இருந்தால் கன்சோல் என்கோடிங்கைப் பொறுத்து அது கூடவே சிதைந்தும் போகும், திரும்பப் பெற முடியாதபடி. மொழிபெயர்ப்பு ஃபைல்களில் வேலை செய்யும் தமிழ்க்காரர்கள் இதை அவசியம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். --அவுட்புட் போட்டால் பவர்ஷெல் நடுவில் வரவே வராது, பைட்டுகள் அப்படியே ஃபைலுக்குப் போகும், டெர்மினலுக்கான ஆட்டோ நிறமும் தானாக அணைந்துவிடும். 2023 நவம்பரில் வந்த பவர்ஷெல் 7.4 பைட்டுகளைக் கெடுக்காமல் அனுப்புகிறது, ஆனால் எத்தனை ஆபீஸ் கம்ப்யூட்டரில் அது இருக்கிறது? ஃபார்மட்-பேட்சில் இந்த ஆப்ஷன் ரொம்ப நாள் ஒழுங்காக வேலை செய்யாமல் க்ராஷ் ஆகிக்கொண்டிருந்தது, 2020 டிசம்பரில் வந்த 2.30-இல்தான் சரியானது. பழைய சர்வர்களில் வேலை செய்கிறவர்கள் வெர்ஷனைப் பார்த்துக்கொள்ளவும்.

தமிழ் என்று வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஃபைல் பெயரில் தமிழ் இருந்தால் கிட் ஸ்டேட்டஸ், டிஃப் எல்லாம் 'அ' என்ற எழுத்தை \340\256\205 என்று காட்டும். பயப்பட வேண்டாம், ஃபைலுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆஸ்கிக்கு வெளியே உள்ள பைட்டுகளை எட்டடிமான எண்ணாக எழுதும் பழைய வழக்கம் அது. கோர்.க்வோட்பாத் செட்டிங்கை ஃபால்ஸ் ஆக்கினால் பெயர் பெயராகத் தெரியும். ஸ்கிரிப்டுக்கு என்றால் -இசட் ஆப்ஷனைப் போட்டு வாங்குங்கள், ஒவ்வொரு பெயரும் NUL எழுத்தோடு (மதிப்பு பூஜ்யமான பைட்) முடியும், மேற்கோள் குறி, பின்சாய்வு எதுவும் ஒட்டிக்கொள்ளாது. இந்த இயல்புநிலை இத்தனை வருஷம் கழித்தும் மாறாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

--அவுட்புட்டுக்கு ஒரு ஆபத்தான முகமும் இருக்கிறது. லாக், டிஃப் எல்லாம் படிக்க மட்டும் செய்யும் கமாண்டுகள் என்று நம்பி, வெப் அப்ளிகேஷன் எழுதுகிறவர்கள் பயனர் தட்டிய பிராஞ்ச் பெயரை அப்படியே அவற்றுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த இடத்தில் பிராஞ்ச் பெயருக்குப் பதில் --அவுட்புட்= என்று தொடங்கி ஒரு ஃபைல் பாதையைத் தட்டினால்? சர்வரில் அந்த ஃபைல் காலி, ஏனென்றால் கிட் திறக்கும்போதே பழைய உள்ளடக்கத்தை வெட்டிவிட்டுத்தான் திறக்கும். ஷெல் வழியாகப் போகவில்லையே, பாதுகாப்புதானே என்று நினைப்பது இங்கே உதவாது. 2019 நவம்பரில் வந்த 2.24-லிருந்து --எண்ட்-ஆஃப்-ஆப்ஷன்ஸ் என்று ஒன்று உண்டு, அதற்குப் பின்னால் வருவது எதுவாக இருந்தாலும் ஆப்ஷனாக எடுத்துக்கொள்ளாது. வெளியாள் கொடுக்கும் எதையும் கிட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் இதைப் போடுங்கள். போடாமல் புரொடக்‌ஷனுக்குப் போகாதீர்கள்.

கிட்போன்ற மற்ற டூல்கள் எப்படி? பழைய சிவிஎஸ் சர்வராக ஓடும்போது ஸ்டாண்டர்ட் அவுட்புட்டிலேயே தன் புரோட்டோகாலைப் பேசும் என்பதால், கோடில் எங்கேயும் நேராகப் பிரிண்ட் செய்யாமல் தனக்கென்று ஒரு அவுட்புட் ஃபங்ஷன் வைத்திருந்தது. சப்வெர்ஷன் டிஃப் எழுதும் ஏபிஐயில் முதலில் ஃபைலைத்தான் கேட்டது, 2013-இல் வந்த 1.8-லிருந்து தன்னுடைய பொதுவான ஸ்ட்ரீம் வகையைக் கேட்கிறது, அந்தப் பக்கம் ஃபைலா, நினைவகமா, நெட்வொர்க்கா என்று டிஃப்புக்குத் தெரிய வேண்டியதில்லை. கிட்டின் வேலைகளை நம் புரோகிராமுக்குள்ளேயே செய்ய உதவும் லைப்ரரியான லிப்கிட்2 இன்னும் ஒரு படி மேலே போய், ஒவ்வொரு வரியையும் உங்கள் கால்பேக் ஃபங்ஷனிடம் கொடுத்துவிடுகிறது, திறப்பதும் மூடுவதும் உங்கள் பாடு. பொறுப்பு யாருடையது என்ற குழப்பமே கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் லிப்கிட்2-வுக்குத்தான் என் ஓட்டு. உங்கள் புரோகிராமுக்குள்ளேயே டிஃப் வேண்டும் என்றால் அதை எடுங்கள், கமாண்ட் லைனில் வேலை என்றால் கிட்டை விட்டு நகர வேண்டியதில்லை.

டிஸ்க் பக்கம் எனக்கு இருக்கும் ஒரே மனக்குறை எஃப்சிங்க், அதாவது எழுதியதை உடனே டிஸ்க்குக்கு இறக்கச் சொல்லும் அழைப்பு. கமிட் செய்யும்போது உருவாகும் தனித்தனி ஆப்ஜெக்ட் ஃபைல்களை உண்மையிலேயே டிஸ்க்குக்கு இறக்கிவிட்டாயா என்று கிட் பொதுவான இயல்புநிலையில் கேட்பதில்லை, வேகத்துக்காக. திடீரென்று கரண்ட் போனால் ஆப்ஜெக்ட் ஃபைல் காலியாக இருக்கிறது என்ற எரர் வர இதுதான் வழி. 2022 ஏப்ரலில் வந்த 2.36-லிருந்து கோர்.எஃப்சிங்க் என்ற செட்டிங்கில் கமிட்டட் என்று போட்டால் அவற்றையும் இறக்கும், வேகம் குறைகிறது என்று தோன்றினால் எஃப்சிங்க் மெத்தடை பேட்ச் (batch, மேலே சொன்ன டிஃப் பேட்ச் அல்ல) என்று வைத்து மொத்தமாக இறக்கச் சொல்லலாம். யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் வேலை செய்கிறவர்கள் இன்றைக்கே போட்டுக்கொள்ளுங்கள்.

கோடைப் படிக்க ஆசைப்படுகிறவர்கள் ரைட்-ஆர்-டை என்ற சின்ன ஃபைலில் தொடங்கலாம், சாப்பாட்டு இடைவேளையில் முடிந்துவிடும் அளவுதான். அடுத்து டெம்ப்ஃபைல். டிஃப் ஃபைல் ஆயிரக்கணக்கான வரி, அதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, ஸ்ட்ரீம் எங்கே திறக்கிறது, எங்கே மூடுகிறது என்று மட்டும் தேடிக்கொண்டு போங்கள்.